பதிவேட்டில் இல்லாதவர்கள்

பேரிடர் ஒன்று நிகழ்ந்த மறுநாள் உலகம் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் இறந்தனர் என்பதே. அக்கேள்வி இயல்பானது, தேவையானதும் கூட. ஆனால் ஓராண்டு சென்றபின் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. யார் யார் வீடு திரும்பினர்? யார் திரும்பவில்லை? ஏன்? இக்கேள்வியைக் கேட்பதற்குள் செய்தியாளர்கள் வேறு ஊருக்குச் சென்றுவிடுகின்றனர். நிவாரண லாரிகளும் சென்றுவிடுகின்றன. அவ்வூரில் எஞ்சியிருப்போர் மட்டுமே இதற்கு விடை அறிவர்.

இக்கேள்வியை விடாப்பிடியாய்க் கேட்கும் ஆவணப்படம் ஒன்றையும் நூல் ஒன்றையும் இங்கு ஆய்ந்து நோக்க விழைகிறோம். படம், எஸ். லியோ சியாங் இயக்கி 2009-இல் வெளிவந்த 'எ வில்லேஜ் கால்டு வெர்சேல்ஸ்'. 'வெர்சேல்ஸ் என்றோர் ஊர்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நூல், டேனியல் ஆல்ட்ரிச் என்னும் அரசியல் அறிஞர் 2012-இல் வெளியிட்ட 'பில்டிங் ரெசிலியன்ஸ்'. மீண்டெழும் ஆற்றலைக் கட்டியெழுப்புதல் என்பது அதன் பொருள். இரண்டும் புதியன அல்ல. எனினும், அண்மையில் நம் பங்கு மன்றத்தில் இளையோர் அப்படத்தைத் திரையிட்டபோது எழுந்த பேச்சு நம் உறக்கத்தைக் கெடுத்தது. அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்ளாமல் இருத்தல் தகாது என்றே இதனை எழுதுகிறோம்.

மும்முறை பெயர்ந்தோர்

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையைத் தாக்கிற்று. நியூ ஆர்லியன்ஸ் மாநகரை மூழ்கடித்தது காற்றும் மழையும் மட்டுமல்ல. நகரைக் காப்பதற்கென்று இராணுவப் பொறியாளர் படை கட்டியிருந்த வெள்ளத்தடுப்புக் கரைகளும் மதில்களும் உடைந்தமையே பெருங்காரணம். அவற்றின் வடிவமைப்பில் குறை இருந்தது என்பதை 2006-இல் அப்படையே ஒப்புக்கொண்டது. நகரின் 80 விழுக்காட்டு நிலம் நீருக்குள் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இயற்கைப் பேரிடர் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடும் ஒன்றில், மனிதர் செய்ததும் செய்யத் தவறியதும் எத்துணைப் பங்கு வகிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அம்மாநகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள குடியிருப்பே வெர்சேல்ஸ். 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் ஏதிலிகளாய் வந்த வியட்நாமியக் கத்தோலிக்கரைப் பேராயர் பிலிப் ஹன்னன் தம் மறைமாவட்டத்துக்கு அழைத்தார். 'வெர்சேல்ஸ் ஆர்ம்ஸ்' என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் முதலில் தங்கவைக்கப்பட்டமையால் ஊருக்கு இப்பெயர் அமைந்தது. அவர்களுள் பலர் வடவியட்நாமின் புய் சூ, ஃபாட் டியெம் மறைமாவட்டங்களைச் சேர்ந்தோர். 1954-இல் நாடு இரண்டானபோது ஊர் ஊராகத் தம் குருக்களோடு தெற்கே பெயர்ந்தவர்கள். 1975-இல் கடல் கடந்தவர்கள். 2005-இல் மூன்றாம் முறையாக வீட்டைவிட்டு வெளியேறினர். 1975-இல் வியட்நாமிய ஏதிலிகளை ஏற்ற ஆர்கன்சா மாநிலத்து ஃபோர்ட் சாஃபி முகாமே, முப்பது ஆண்டு கழித்துக் கத்ரினா ஏதிலிகளுக்கும் திறந்துவிடப்பட்டது என்பது வரலாற்றின் கசப்பான விளையாட்டு.

வெர்சேல்ஸின் நடுவில் இருப்பது வியட்நாமின் அரசியாம் மரியாவின் ஆலயம். பங்குத்தந்தை வியன் தே நுயென், தாமும் 1975-இல் ஏதிலியாய் வந்தவர். புயலின்போது வெளியேற இயலாதவர்களோடு அவரும் ஊரிலேயே தங்கினார். பின்னர், பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த தம் மக்களைத் தேடித் தேடிச் சென்று கண்டார். அக்டோபர் மாதத்திலேயே சேறு படிந்த ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வந்தனர், வாரந்தோறும் அத்தொகை பெருகிற்று. மின்சாரம் கேட்டபோது, மின்னிணைப்புக்குப் போதிய அளவு மக்கள் திரும்பிவிட்டனரா என்று மின் நிறுவனம் வினவிற்று. ஞாயிறு திருப்பலியில் ஆலயம் நிரம்பியிருந்த நிழற்படங்களையும், திரும்பியோரின் பெயர்ப் பட்டியலையும் பங்குத்தந்தை கொண்டுபோய்க் கொடுத்தார். மின்சாரம் வந்தது. 2006 சனவரிக்குள் ஊரார் பாதிக்குமேல் திரும்பிவிட்டனர். நடுவண் அரசின் உதவிக்குக் காத்திராமல் உற்றார் உறவினர் துணையோடு வீடுகளைத் தாமே செப்பனிட்டனர். நம் அன்பியங்களைப் போன்ற சிறு வட்டாரங்களாய்ப் பங்கு முன்பே பிரிக்கப்பட்டிருந்தமை இதற்குப் பெருந்துணையாயிற்று.

படத்தின் முற்பாதி இதுவே. இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால், பக்தியும் உழைப்பும் கொண்ட மக்களைப் பற்றிய நல்லதொரு செய்திப்படமாக அது முடிந்திருக்கும். சியாங்கின் திறம் பிற்பாதியில் வெளிப்படுகிறது. புயலில் அழிந்த வீடுகளின் இடிபாடுகளைக் கொட்டுவதற்கு இடம் தேடிய மேயர் ரே நேகின், தம் நெருக்கடிக்கால அதிகாரத்தைக் கொண்டு, ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில், சதுப்புநிலச் சரணாலயத்தை ஒட்டிக் குப்பைக் கிடங்கு ஒன்றைத் திறக்க அனுமதி அளித்தார். கிடங்கின் அடியில் நச்சுநீர் மண்ணில் இறங்காமல் தடுக்கும் விரிப்பு இல்லை. முதியோர் கீரை பயிரிடும் தோட்டங்களுக்கு நீர் தரும் வாய்க்கால்களோ அருகில் ஓடின. திரும்பி வந்த மக்கள் எவர் கணக்கிலும் இல்லை.

அதுகாறும் அரசை எதிர்த்து வாய் திறந்தறியாத முதியோர் மாநகர மன்றத்தின் வாயிலில் பதாகை ஏந்தி நிற்கும் காட்சிகளே படத்தின் உயிர். ஆங்கிலம் அறியாத பாட்டிமாரும், வியட்நாமிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசும் பேரப்பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். முப்பது ஆண்டுகளாய் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத இரு தலைமுறைகள், ஒரு குப்பைக் கிடங்கை எதிர்த்தபோது ஒன்றையொன்று கண்டுகொண்டன. கிழக்குப் பகுதியின் கறுப்பின மக்களும் அவர்களோடு தோள்சேர்ந்தனர். 2006 ஆகஸ்டில் கிடங்கு மூடப்பட்டது. இயக்குநர் விளக்கவுரையால் நம்மை இழுத்துச் செல்வதில்லை, முகங்களையே பேசவிடுகிறார். அடக்கமான படம், நேர்மையான படம்.

ஒற்றுமை மட்டுமா?

படம் முடிந்து விளக்கேற்றியபோது, முன்வரிசையில் இருந்த முதிய மீனவர் ஒருவர் பெருமூச்சோடு சொன்னார்: "அவுங்ககிட்ட ஒத்துமை இருந்துச்சு சாமி, பொழைச்சுக்கிட்டாங்க. நம்மகிட்ட அது இல்ல." மன்றத்தில் இருந்தோர் பலரும் தலையசைத்தனர். நாமும் தலையசைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மறையுரைக்கு ஏற்ற வாக்கியம் அது. எத்தனையோ ஞாயிறுகளில் அதனையே வேறு சொற்களில் நாம் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் அவ்வாக்கியம் முழு உண்மையா? ஒற்றுமையால் பிழைத்தனர் என்றால், பிழையாதவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று ஆகிறது. அதே நகரில் கீழ் ஒன்பதாம் வட்டம் என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பு பல ஆண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. கத்ரினாவுக்குப் பத்து ஆண்டுக்குப் பின்னரும் அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை முன்பிருந்ததினும் ஏறத்தாழ 1 இலட்சம் குறைந்திருந்தது. அவர்களிடம் பண்பாடும் உறவும் இல்லையோ? தலைமுறை தலைமுறையாய்ச் சொந்த வீட்டில் வாழ்ந்தோர் அங்குப் பலர். தெருவுக்குத் தெரு ஆலயம் இருந்தது. சாவுக்கும் நோவுக்கும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் சங்கங்கள் அந்நகரின் கறுப்பின மக்களிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகின்றன. இசைக்குழுவோடு இறந்தோரை வழியனுப்பும் அவர்களின் மரபை உலகமே அறியும். ஆக, குறைந்தது ஒற்றுமை அன்று. வேறு எது?

முதலாவது, நீர் வந்த விதம். வெர்சேல்ஸில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. கீழ் ஒன்பதாம் வட்டத்திலோ தொழிற்கால்வாயின் மதில் உடைந்து பாய்ந்த நீர் வீடுகளை அடித்தளத்தினின்றே பெயர்த்தெறிந்தது. இரண்டாவது, அம்மக்கள் பல மாதங்கள் தம் தெருவுக்குள் நுழையவே அனுமதிக்கப்படவில்லை. ஆலயத்தில் கூடி நிழற்படம் எடுத்துக் காட்டுவதற்கு முதலில் ஆலயத்துக்குள் நுழைய வேண்டுமே! மூன்றாவது, வீடுகட்ட அரசு அளித்த உதவித்தொகையின் கணக்கு. 'ரோடு ஹோம்' என்னும் அத்திட்டத்தில், புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, அதனைச் செப்பனிட ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே உதவிக்கு அடிப்படையாயிற்று. கறுப்பின மக்களின் பகுதியில் ஒரே அளவான வீட்டுக்கும் சந்தை மதிப்புக் குறைவு. செங்கல்லுக்கும் மரத்துக்கும் கூலிக்குமோ எங்கும் ஒரே விலை. ஆகவே ஒரே அளவு சேதமுற்ற இரு வீடுகளுள், வெள்ளையர் பகுதியில் இருந்தது எழுந்தது, மற்றது எழவில்லை. இதனை எதிர்த்து 2008-இல் வழக்குத் தொடரப்பட்டு 2011-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நான்காவது, ஏழைகள் வாடகைக்கு வாழ்ந்த அரசுக் குடியிருப்புகளுள் ஏறத்தாழ 4,500 வீடுகளை இடிக்க 2007 டிசம்பரில் மாநகர மன்றம் ஒருமனதாய் இசைந்தது. இதிலும் ஒற்றுமை இருந்தது என்பதை நம் முதியவருக்கு நினைவூட்ட வேண்டும்!

2006 சனவரியில் நகரைச் சீரமைக்க அமைந்த குழு முன்வைத்த பரிந்துரையும் நோக்கத்தக்கது. தாழ்ந்த பகுதிகள் சில பூங்காக்களாகலாம் என்று வரைபடத்தில் பச்சை வட்டங்கள் இடப்பட்டன. ஒவ்வொரு குடியிருப்பும் தான் நிலைக்கத் தகுதியுடையது என்பதை நான்கு மாதங்களில் மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. கடும் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. ஆயினும் அதனுள் இருந்த எண்ணம் கைவிடப்பட்டதாகத் தோன்றவில்லை. மனிதன் தன் வீட்டில் வாழும் உரிமையைப் பெற, அதற்குத் தான் தகுதியுடையவன் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டுமாம். வெர்சேல்ஸ் அத்தேர்வில் வென்றது. வென்றோரைப் பாராட்டுவோம். ஆனால் அத்தகைய தேர்வை வைக்க எவருக்கு உரிமை உண்டு என்று கேட்பதை மறந்துவிடலாகாது.

படத்தின் மீது நாம் வைக்கும் குறை இதுவே. ஊரைச் சட்டமாக அமைத்துக்கொண்ட படம், நகரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த நேர்ந்தது. போராட்டத்தில் தோள்கொடுத்த கறுப்பின அயலார் படத்தில் வருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் எப்படி வீடு திரும்பினர் என்பது படத்தின் எல்லைக்குள் வரவில்லை. இயக்குநர் ஒப்பிட்டு எவரையும் தாழ்த்தவில்லை. ஆனால் காண்போர் ஒப்பிடுகின்றனர். உழைப்பாளிகளான ஆசியர், சோம்பிய கறுப்பர் என்னும் பழைய பொய்க்கு இத்தகைய படங்கள் தாமறியாமலே எண்ணெய் வார்த்துவிடக் கூடும்.

திருச்சபையும் விலக்கன்று

அரசியல்வாதிகளைக் குறைகூறுவது எளிது. அதே நகரில் நம் திருச்சபை என்ன செய்தது என்றும் பார்ப்போம். வெர்சேல்ஸ் ஏதிலிகளை 1975-இல் வரவேற்றது அம்மறைமாவட்டமே; அதன் அறத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் திரெமே பகுதியில் புனித அகுஸ்தினார் ஆலயம் ஒன்று உண்டு. 1841-இல் தொடங்கப்பெற்ற அப்பங்கு, கறுப்பினக் கத்தோலிக்கரின் தாய்ப் பங்குகளுள் ஒன்று. அடிமை முறை நிலவிய அந்நாளிலேயே, சுதந்திரமாய் வாழ்ந்த கறுப்பினத்தார் தமக்கு மட்டுமன்றி அடிமைகளுக்கும் ஆலயத்தில் இருக்கைகளை விலைகொடுத்து வாங்கி வைத்த பெருமை அதற்குண்டு. 2006 மார்ச்சில், ஆட்குறைவும் பணக்குறைவும் காரணமாய் அப்பங்கு மூடப்பட்டு வேறொரு பங்கோடு இணைக்கப்பட்டது. மக்கள் பங்குக் குருவின் இல்லத்தைத் தமதாக்கிக்கொண்டு போராடினர். ஏப்ரலில் நிபந்தனைகளோடு அது மீண்டும் திறக்கப்பட்டது. 2009 சனவரியில், மூடப்பட்ட வேறிரு ஆலயங்களில் அமர்ந்து போராடிய இறைமக்களைக் காவலர் வெளியேற்றினர்.

மறைமாவட்டத்துக்கும் புயலில் பெரும் இழப்பு நேர்ந்தது. அதன் தலைவர்கள் அரிய முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. அதனை மறந்து தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்றை மட்டும் கவனிப்போம்: மக்கள் சிதறிக் கிடந்த வேளையில், 'போதிய ஆட்கள் உண்டா?' என்று மின் நிறுவனம் கேட்ட அதே கேள்வியை மறைமாவட்டமும் கேட்டது. சிதறிய ஆடுகளின் தொகையைக் கொண்டு பட்டியின் தேவையை அளக்கலாமா? ஆயர்களுக்கும் குருக்களுக்கும் உரிய கேள்வி இது. நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

நூல் சொல்வது

டேனியல் ஆல்ட்ரிச்சின் நூல் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. அவரும் கத்ரினாவில் வீட்டை இழந்தவர். 2005 கோடையில்தான் குடும்பத்தோடு நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1923-இன் தோக்கியோ நிலநடுக்கம், 1995-இன் கோபே நிலநடுக்கம், 2004-இல் நம் தமிழகக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, 2005-இன் கத்ரினா ஆகிய நான்கையும் அவர் ஒப்பிடுகிறார். சேதத்தின் அளவோ, வந்த பணத்தின் அளவோ மீட்சியைத் தீர்மானிப்பதைவிட, மனிதரிடையே முன்பே நிலவிய உறவும் நம்பிக்கையும் அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அவர் முடிபு. சமூக மூலதனம் என்று அதற்குப் பெயர் வைக்கின்றனர் அறிஞர். கோபே நகரின் மானோ பகுதியில் தீப்பற்றியபோது மக்களே வரிசையாய் நின்று வாளிவாளியாய் நீர் இறைத்து அணைத்தனர். வேறொரு பகுதியில் அவ்வாறு கூடவில்லை, வீடுகள் எரிந்தன. மானோ மக்களுக்கு அது பிறவிக்குணமன்று. 1960-களிலிருந்தே தொழிற்சாலைப் புகையை எதிர்த்துப் போராடிப் பழகியவர்கள் அவர்கள். ஆக, பண்பாடு என்று நாம் எதனைச் சொல்கிறோமோ அதுவும் பலவேளை பழைய அரசியல் போராட்டம் ஒன்றின் விளைச்சலே. வெர்சேல்ஸுக்கும் இது பொருந்தும்.

நூலின் சிறப்பு, தன் முடிபின் மறுபக்கத்தையும் அது மறைக்காமையே. உள்ளுறவு இறுகிய இடத்தில் வெளியார்க்குக் கதவு அடைபடுகிறது. நியூ ஆர்லியன்ஸில் வீடிழந்தோர்க்குத் தற்காலிக டிரெய்லர் வீடுகளை நிறுத்த இடம் தேடியபோது, மிகுதியாய் வாக்களிக்கும், நன்கு அமைப்பாகியிருந்த வட்டாரங்களே அவற்றைத் தம் அருகில் வரவிடாமல் தடுத்தன. வெர்சேல்ஸ் பங்கோ தன் நிலத்தை அவற்றுக்குக் கொடுத்தது. 1923-இல் தோக்கியோவில், வதந்தியை நம்பித் தெருவுக்குத் தெரு காவற்குழு அமைத்த அண்டை அயலார் ஆயிரக்கணக்கான கொரியரைக் கொன்று குவித்தனர். அக்குழுக்களிலும் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

நம் கடற்கரையைப் பற்றி அவர் எழுதியது நம்மைச் சுடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தும் பங்குப் பேரவையும் வலுவாய் இருந்த ஊர்கள், அரசோடும் தொண்டு நிறுவனங்களோடும் பேசி உதவியை விரைந்து பெற்றன. அதே அமைப்புகள், தலித் மக்களையும் கைம்பெண்களையும் சிறுபான்மையினரையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தவும் செய்தன.

நூலின் மீதும் நமக்கொரு தயக்கம் உண்டு. 'மூலதனம்' என்னும் சொல்லே அது. மூலதனம் என்றால் உடையவரும் இல்லாதவரும் உண்டு. இல்லாதவர் தம் குறையால் இல்லாதவர் என்று சொல்வதும் எளிது. உறவே உங்களை மீட்கும், நிதி எதற்கு என்று அரசுகள் கைகழுவவும் அச்சொல் இடம் தரக்கூடும். ஆல்ட்ரிச் அவ்வாறு சொல்லவில்லை. அதிகாரத்தில் உள்ளோரோடு எளிய மக்களுக்குத் தொடர்பு வேண்டும் என்பதை அவர் வலியுறுத்துகிறார். கீழுள்ளோர் தாமே செய்யக்கூடியதை மேலுள்ளோர் பறித்துக்கொள்ளலாகாது என்பது திருச்சபையின் சமூகப் போதனை. கீழுள்ளோரால் இயலாதபோது மேலுள்ளோர் கைவிடலாகாது என்பதும் அதே போதனையின் மறுபாதி.

எழுதப்படாத பெயர்கள்

மன்றத்தில் பேச்சு முடியும் தறுவாயில், பின்வரிசையில் சுவரோரம் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் எழுந்தார். உப்பளத்திலும் மீன் ஏலக் களத்திலும் கூலிவேலை செய்பவர். "அந்த ஊர்லயும் கோயில் புத்தகத்துல பேரு இல்லாதவுங்க இருந்திருப்பாங்கள்ல ஃபாதர்? அவுங்களுக்குக் கரண்டு வேணும்னு யாரு கேட்டா?" என்றார். எவரும் விடை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

சொல்ல இயலாமைக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-க்குப் பின் வந்த வாரங்களில், கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த நாம், நிவாரணப் பட்டியல் எழுதும் பொறுப்பேற்றிருந்தோம். இரவு பகல் பாராமல் எழுதினோம். கையில் இருந்த ஒரே நம்பகமான ஆவணம் பங்கின் குடும்பப் பதிவேடு. அதனைக் கொண்டு வீட்டை இழந்தோர், கட்டுமரத்தை இழந்தோர், வலையை இழந்தோர் என்று பிரித்தோம். பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஒரு ரூபாயும் தவறவில்லை. அதனால் பெருமையும் கொண்டிருந்தோம்.

உப்பாற்றங்கரையில் இருந்த தலித் குடும்பங்கள் அப்பட்டியலில் வரவில்லை. அவர்களுக்குக் கட்டுமரம் இல்லை. ஆகவே இழந்த கட்டுமரமும் இல்லை. கையால் இறால் தடவியும், கரையில் மீன் சுமந்தும், உப்பு வாரியும் பிழைத்தவர்கள். கடல் நின்றபோது அவர்கள் கூலியும் நின்றது. அவர்களுள் சிலர் இந்துக்கள். சிலர் கத்தோலிக்கராயினும் வேறு பங்கின் கிளைக்கிராமத்தில் பதிவு பெற்றவர்கள். ஒருநாள் அவர்களுள் கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்தின் வாயிலில் வெயிலில் நின்றார். பதிவு எங்கே என்று கேட்டோம். இல்லை என்றார். உரிய இடத்தில் கேட்கச் சொல்லி அனுப்பினோம். அந்த உரிய இடம் எது என்று அன்றும் நமக்குத் தெரியாது. அவரை நாம் விரட்டவில்லை, கடிந்தும் பேசவில்லை. எழுதவில்லை, அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆவணப்படத்தின் முடிவில் அவர் மீண்டும் நம் முன் வந்து நின்றார்.

நெகேமியாவின் மதில்

இடிந்த நகரைக் கட்டியெழுப்பிய கதை திருவிவிலியத்திலும் உண்டு. நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று எண்ணி நாம் தாண்டிவிடுகிறோம். தலைமைக் குரு முதல் பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்வோர் வரை அவரவர் தம் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலைக் கட்டினர். வெர்சேல்ஸின் முற்பாதி அது. ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில் மதிலுக்குள்ளிருந்தே அழுகுரல் எழுகிறது. வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாய் விற்கிறோம் என்று ஏழைகள் தம் சொந்த இனத்துச் செல்வரை எதிர்த்து முறையிடுகின்றனர். நெகேமியா மதில் வேலையின் அவசரத்தைக் காட்டி அக்குரலை அடக்கவில்லை, சபையைக் கூட்டினார். கடன் கொடுத்தோருள் தாமும் தம் சகோதரரும் உண்டு என்பதை அவரே சொன்னார். அடகு திருப்பப்பட்டது.

ஏழாம் அதிகாரத்தில் நாடுகடத்தலிலிருந்து திரும்பியோரின் பதிவேடு வருகிறது. தம் தந்தையர் குடும்பத்தை மெய்ப்பிக்க இயலாதவர்கள் 642 பேர் அதில் உண்டு. மெய்ப்பிக்க இயலவில்லை என்பதையே குறித்து, அவர்களையும் அந்நூல் எழுதி வைத்தது. குருகுலத்தார் என்று உரிமை கொண்டாடி, மூதாதையர் பதிவேட்டில் பெயர் காணப்படாத வேறு சிலர் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டனர். ஆயினும் அவர்களும் எழுதப்படாமல் விடப்படவில்லை. குருவாகிய நாம் இப்பகுதியை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! வாயிலில் நின்ற கைம்பெண்ணை ஒருமுறையும் அதில் காணவில்லை.

பதிவேட்டை விரித்து எழுதிய பங்கும் உண்டு. கோபே நகரின் தகாத்தோரி ஆலயம் 1995-இன் நிலநடுக்கத் தீயில் எரிந்தது. வியட்நாமிய ஏதிலிகள் பலர் அப்பங்கில் இருந்தனர். அவ்வளாகம் வெளிநாட்டார், சமயம் சாராதோர் என்று பாராமல் அனைவருக்கும் உதவும் தன்னார்வலர் பாசறையாயிற்று. சப்பானிய மொழி அறியாதோர்க்கென அங்கிருந்து பன்மொழி வானொலியும் தொடங்கப்பெற்றது. கட்டடக் கலைஞர் சிகேரு பான் காகிதக் குழாய்களைக் கொண்டு அங்கு எழுப்பிய சிற்றாலயம் பத்து ஆண்டுகள் நின்றது. பின்னர், 1999-இல் நிலநடுக்கம் கண்ட தைவானுக்குக் கொடையாய்ச் சென்றது. தம் ஆலயத்தைக் கழற்றி, துன்புற்ற வேறொரு மக்களுக்கு அனுப்பிவைத்த பங்கை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது.

ஆதலின், நம் முதிய மீனவரோடு நாம் முரண்படவில்லை. ஒற்றுமை வேண்டும், வெர்சேல்ஸ் மக்களிடம் நாம் கற்க வேண்டியவை பல. அன்பியங்களைப் பெயரளவில் வைத்திராமல், புயலுக்கு முன்பே உயிரோடு வைத்திருப்போம். அதிகாரத்தில் உள்ளோர் நம்மைக் கணக்கில் கொள்ளாதபோது மன்ற வாயிலில் நிற்கவும் தயங்காதிருப்போம். ஆனால் நம் ஒற்றுமையின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் பார்ப்போம். அந்த எல்லைக்கு அப்பால் நிற்பவரை எழுத ஒரு தனிப் பக்கம் வேண்டும்.

நம் கடற்கரைக்குப் புயல் புதிதன்று, இனியும் வரும். இவ்வாண்டு நம் பங்கில், குடும்பப் பதிவேட்டோடு இன்னொரு குறிப்பேட்டையும் தொடங்கியிருக்கிறோம். சாதி, சமயம், பங்கு எதுவும் பாராமல், நம் ஆலய மணியோசை கேட்கும் தொலைவில் வாழும் ஒவ்வொரு வீட்டையும் அதில் எழுதி வருகிறோம். வீடு வீடாய்ச் சென்று எழுதுபவர், பின்வரிசையில் எழுந்து கேள்வி கேட்ட அப்பெண்மணியே. இதுவரை எழுதிய பெயர்களுள் நமக்கு முன்பின் தெரியாதவையே மிகுதி. இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய பணி இது. உங்கள் பங்கில் அக்குறிப்பேடு உண்டா?